கடலோரச் சிற்றூரும் கலைப் பெருவிழாவும்

“கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது” என்பது நம் முன்னோர் வாக்கு. ஊர்களுக்கும் இது பொருந்தும் என்பதை மெய்ப்பித்துக் காட்டிய ஓர் ஊர் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது. சபோக் மாநிலத்தைச் சேர்ந்த அவ்வூரின் பெயர் ஆல்டபரோ. லண்டனுக்கு வடகிழக்கே சுமார் 100 மைல் தொலைவில், வடகடலின் ஓரத்தில், சுமார் 2,500 பேர் மட்டுமே வாழும் சிற்றூர் அது. நம் நாட்டில் இதைவிட அதிகமான மக்கள் ஒரு தெருவிலேயே வாழ்வதுண்டு! ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் வந்துவிட்டால் உலகின் தலைசிறந்த இசைக் கலைஞர்கள் அந்த ஊரைத் தேடி வருகின்றனர்.

“சின்னஞ்சிறு ஊருக்குப் பெரிய இசைவிழா எதற்கு? வயிறு நிறைந்த பிறகல்லவா பாட்டும் கூத்தும்?” என்று கேட்போர் உண்டு. இக்கேள்விக்கு ஆல்டபரோவின் வரலாறே விடை கூறுகிறது என்பது என் கருத்து. அதைத் தோழியர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் தின்ற ஊர்

ஆல்டபரோ என்னும் சொல்லுக்குப் ‘பழைய கோட்டை’ என்று பொருள். உள்ளூர் மக்கள் நடுவிலுள்ள ஒலியை விழுங்கிவிட்டு ‘ஆல்ப்ரா’ என்றுதான் தம் ஊரை அழைப்பர். 16ஆம் நூற்றாண்டில் அது செல்வம் கொழித்த துறைமுகம். மீன்பிடித் தொழிலும் கப்பல் கட்டும் தொழிலும் அங்கே செழித்திருந்தன. அக்காலத்தில் மரச் சட்டங்களும் செங்கல்லும் கொண்டு கட்டப்பட்ட ‘மூட் ஹால்’ என்னும் மன்றம் இன்றும் நிற்கிறது. ஊரின் வழக்குகளையும் கணக்குகளையும் பார்த்த அம்மன்றம் இப்போது அருங்காட்சியகமாக விளங்குகிறது.

இதில் ஒரு வியப்பு உண்டு. கட்டிய காலத்தில் அந்த மன்றம் ஊரின் நடுவில் இருந்ததாம். இன்றோ சில அடி நடந்தால் கடற்கரையின் கூழாங்கற்கள் காலில் இடறும்! மன்றம் நகரவில்லை, கடல்தான் உள்ளே வந்துவிட்டது. பல தெருக்களைக் கடல் விழுங்கிவிட்டது. தெற்கே இருந்த ஸ்லாடன் என்னும் சிற்றூர் அறவே மறைந்துவிட்டது. அதன் அருகே நெப்போலியன் படையெடுத்து வருவான் என்று அஞ்சி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ‘மார்ட்டெல்லோ’ காவற்கோபுரம் மட்டும் நான்கு இதழ் கொண்ட மலர்போன்ற வடிவில் தனித்து நிற்கிறது.

ஆல்ட் என்னும் ஆறும் விந்தையானது. ஊரின் அருகே வந்து, கடலைத் தொட்டுவிடும் தூரத்தை அடைந்து, பின் ஏனோ மனம் மாறியதுபோல் தெற்கே திரும்பிப் பல மைல்கள் ஓடிய பிறகே கடலில் கலக்கிறது. இடையே நிற்பது ஒரு கூழாங்கல் மேடு மட்டுமே. ஆற்றில் வண்டல் படிந்தது; கப்பல்கள் பெரிதாயின; துறைமுகம் தூர்ந்தது. பெருமையெல்லாம் போயிற்று. ஆயினும் நாடாளுமன்றத்திற்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை மட்டும் பழைய மிடுக்கோடு 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை நீடித்தது. மக்கள் குறைந்தும் உரிமை குறையாத இத்தகைய ஊர்களை ஆங்கிலேயரே ‘அழுகிய ஊர்கள்’ என்று எள்ளி நகையாடினர்.

ஏழை மீனவரைப் பாடிய கவிஞர்

இந்த நலிந்த ஊரில் 1754ஆம் ஆண்டு ஜார்ஜ் கிராப் என்னும் கவிஞர் பிறந்தார். அக்காலத்துக் கவிஞர்கள் கிராமம் என்றாலே பசும்புல்லையும் குழலூதும் இடையனையும் பாடினர். கிராப் அவ்வாறு பாடவில்லை. தாம் கண்ணால் கண்ட வறுமையையும் நோயையும் குடியையும் உள்ளது உள்ளபடி எழுதினார். 1810இல் வெளிவந்த ‘தி பரோ’ என்னும் நூலில் பீட்டர் கிரைம்ஸ் என்னும் மீனவனின் கதை வருகிறது. தொழில் கற்க வந்த ஏழைச் சிறுவர்களைக் கொடுமைப்படுத்தி, அவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறக்க, முடிவில் மனம் பேதலித்துப்போகும் முரடனின் கதை அது. சொந்த ஊரைப் புகழ்ந்து பாடுவது எளிது. அதன் குறையைச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். கிராப் அந்த நெஞ்சுரம் பெற்றிருந்தார்.

ஒரு தந்தையும் இரு மகளிரும்

இனி, பெண்களாகிய நாம் மறக்கக்கூடாத ஒரு குடும்பத்தைக் காண்போம். 1841ஆம் ஆண்டு நியூசன் கேரட் என்பவர் தம் குடும்பத்தோடு ஆல்டபரோவில் குடியேறினார். சுமார் ஐந்து மைல் தொலைவிலுள்ள ஸ்னேப் என்னுமிடத்தில், ஆற்றங்கரையில், பார்லியை முளைக்கட்டி உலர்த்தி மால்ட் செய்யும் பெரிய பெரிய கட்டடங்களை எழுப்பினார். அவருடைய மகள்தான் எலிசபெத் கேரட்.

எலிசபெத் மருத்துவராக விரும்பினார். அந்நாளில் இங்கிலாந்தில் எந்த மருத்துவப் பள்ளியும் பெண்களைச் சேர்க்கவில்லை. அவர் பாடம் கேட்கச் சென்ற இடத்தில் மாணவர்களே அவரை வெளியேற்றக் கோரி மனுக் கொடுத்தனர். முதலில் மகளின் எண்ணத்தை வெறுத்த தந்தை, பிறகு மனம் மாறி, தம் பொருளையும் செல்வாக்கையும் அவருக்காகச் செலவிட்டார். மருந்தாளர் சங்கத்தின் விதிகளில் ‘பெண் கூடாது’ என்று எழுத மறந்திருந்தனர்! அந்தச் சந்து வழியே நுழைந்து, 1865ஆம் ஆண்டு எலிசபெத் தேர்வில் வென்று உரிமம் பெற்றார். உடனே சங்கம் விதியை மாற்றி, பின்னால் வரும் பெண்களுக்குக் கதவை அடைத்துவிட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1874இல் லண்டனில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டபோது அதை நிறுவியவர்களுள் ஒருவராக நின்றார்.

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்து பயின்ற மேரி ஷார்லீப் அம்மையார், மேற்படிப்புக்காகச் சென்றது இந்த லண்டன் பள்ளிக்கே. திரும்பி வந்து 1885இல் அவர் தொடங்கிய மருத்துவமனைதான் திருவல்லிக்கேணியில் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று மக்கள் அழைக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆல்டபரோவோடு தங்களை அறியாமலே ஓர் உறவு இருக்கிறது அன்றோ!

முதுமையில் எலிசபெத் ஆல்டபரோவுக்கே திரும்பினார். 1908ஆம் ஆண்டு அவ்வூர் அவரைத் தன் நகரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இங்கிலாந்தில் ஒரு பெண் மேயரானது அதுவே முதல் முறை. லண்டனும் செய்யவில்லை, மான்செஸ்டரும் செய்யவில்லை. இந்தச் சின்ன ஊர்தான் செய்தது. அவருடைய தங்கை மில்லிசென்ட் 1847இல் ஆல்டபரோவிலேயே பிறந்தவர். மணமான பின் மில்லிசென்ட் பாசெட் என்று அறியப்பட்ட அவர், பெண்களின் வாக்குரிமைக்காக அமைதியான முறையில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உழைத்தார். 1918இல் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஒரு பகுதியினருக்கும், 1928இல் ஆண்களுக்குச் சமமாக எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்ததைக் கண்ணால் கண்ட பிறகே 1929இல் கண்மூடினார். லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் 2018ஆம் ஆண்டு நிறுவப்பட்ட முதல் பெண் சிலை அவருடையதே.

விழா பிறந்த கதை

இசைக்கு வருவோம். 1913ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், இசையின் பாதுகாவலியாகிய புனித செசிலியாவின் திருநாளன்று, அதே சபோக் கரையிலுள்ள லோஸ்டாப்ட் என்னும் ஊரில் பெஞ்சமின் பிரிட்டன் பிறந்தார். இளமையிலேயே இசையமைப்பாளராகப் பெயர் பெற்ற அவர், 1939இல் அமெரிக்கா சென்றார். 1941இல் கலிபோர்னியாவில் இருந்தபோது, எழுத்தாளர் இ. எம். பார்ஸ்டர் கவிஞர் கிராப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்று அவர் கண்ணில் பட்டது. தம் ஊரின் கடலும் காற்றும் அவரை அழைத்தன போலும்! மறு ஆண்டே, போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, கடல் கடந்து தாயகம் திரும்பினார். கிராப் எழுதிய அந்த மீனவனின் கதையை இசை நாடகமாக்கினார். ‘பீட்டர் கிரைம்ஸ்’ 1945 ஜூன் 7ஆம் நாள் லண்டனில் அரங்கேறியது. அதன் தொடக்கக் காட்சி நடப்பது ஆல்டபரோவின் மூட் ஹாலில்தான்.

1947இல் பிரிட்டனும் அவருடைய நண்பரான பாடகர் பீட்டர் பியர்சும் தங்கள் குழுவோடு ஐரோப்பிய விழாக்களில் நாடகம் நடத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தனர். அயலூர்களில் சென்று பாடுகிறோமே, நம் ஊரிலேயே நண்பர்களைக் கொண்டு ஒரு விழா நடத்தினால் என்ன என்று பியர்ஸ் கேட்டாராம். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே ஆல்டபரோ விழா. இவர்களோடு எரிக் குரோசியர் என்னும் நாடக இயக்குநரும் சேர்ந்துகொண்டார். ஊர் மக்கள் குழு அமைத்தனர். 1948 ஜூன் 5ஆம் நாள் முதல் விழா தொடங்கியது. ஊர்க்கோவிலில் புனித நிக்கோலாசைப் பற்றிய பிரிட்டனின் இசைப்படைப்பு பாடப்பட்டது. பார்ஸ்டர் நேரில் வந்து கிராப் பற்றிச் சொற்பொழிவாற்றினார்.

தோழியரே, அந்த ஆண்டை நினைவில் கொள்ளுங்கள். இங்கிலாந்து போரில் வென்றிருந்தாலும் வறண்டு கிடந்த காலம். சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் பங்கீட்டு அட்டையோடு மக்கள் வரிசையில் நின்றனர். 1954வரை அந்த நிலை முற்றிலும் நீங்கவில்லை. அந்த ஊரில் நாடக அரங்கம் கிடையாது. விக்டோரியா அரசியாரின் பொன்விழாவுக்காக 1887இல் எழுந்த ஜூபிலி ஹால் என்னும் சிறு கூடமும் கோவிலும்தான் இருந்தன. “வசதி வரட்டும், பிறகு பார்ப்போம்” என்று அவர்கள் காத்திருந்தால் விழா பிறந்தே இராது. வயிறு நிறைந்த பிறகுதான் கலை என்பாருக்கு இதுவே என் முதல் விடை.

குழந்தைகள் பாடிய வெள்ளம்

இரண்டாவது விடை, அந்த விழாவில் யார் பாடினார்கள் என்பதில் இருக்கிறது. 1949இல் ஜூபிலி ஹாலில் அரங்கேறிய ‘லெட்ஸ் மேக் ஆன் ஆப்பரா’ என்னும் படைப்பில் புகைபோக்கி துடைக்க விற்கப்பட்ட ஓர் ஏழைச் சிறுவனைப் பிற குழந்தைகள் காப்பாற்றுகின்றனர். அதில் பார்க்க வந்தவர்களும் சும்மா இருக்க முடியாது! நான்கு பாட்டுகளை முன்னதாகவே கற்றுக்கொண்டு அவர்களும் பாட வேண்டும்.

1958 ஜூன் 18ஆம் நாள் அருகிலுள்ள ஆர்பர்ட் ஊர்க்கோவிலில் ‘நாய்ஸ் பிளட்’ அரங்கேறியது. விவிலியத்தில் நாம் படித்த நோவாவின் வெள்ளக் கதைதான். செஸ்டர் நகரத்துத் தொழிலாளர் சங்கங்கள் நடுக்காலத்தில் தெருவில் நடித்த பழைய நாடகத்துக்குப் பிரிட்டன் இசையமைத்தார். பேழைக்குள் செல்லும் விலங்குகளும் பறவைகளும் பள்ளிக் குழந்தைகள். வாத்தியக் குழுவிலும் பெரும்பாலோர் குழந்தைகளே. முதல் மழைத்துளி விழும் ஓசைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? தேநீர்க் கோப்பைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டினார்கள்! கோவிலில் அமர்ந்திருந்தோரும் எழுந்து நின்று பாடினர். ஐந்தே ஆண்டுகளுக்கு முன், 1953 ஜனவரி 31ஆம் நாள் இரவில், உண்மையாகவே வடகடல் பொங்கி அக்கரையோர ஊர்களுக்குள் புகுந்திருந்தது. கடலுக்கு எதிரே இருந்த பிரிட்டனின் வீட்டிலும் வெள்ளம் புகுந்தது. ஆகவே அந்த நாடகம் அவ்வூரார்க்கு வெறும் கதையாக இருந்திருக்காது.

இவ்வேலைகளுக்கெல்லாம் பின்னால் நின்ற ஒரு பெண்மணியையும் குறிப்பிட வேண்டும். இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் மகளான இமோஜென் ஹோல்ஸ்ட் 1952இல் ஆல்டபரோவுக்கு வந்து, பிரிட்டனின் இசைக் குறிப்புகளைப் படியெடுத்து உதவினார். 1956 முதல் 1977வரை விழாவின் கலை இயக்குநர்களுள் ஒருவராகவும் இருந்தார். பெரும்புகழ் பிரிட்டனுக்குச் சென்றது. ஆனால் சாரம் கட்டாமல் கோபுரம் எழும்புமா?

தீயில் எழுந்த அரங்கம்

1965இல் ஸ்னேப் மால்ட் தொழிற்சாலை மூடப்பட்டது. 1966இல் ஆல்டபரோவுக்குச் சென்ற ரயில் பாதையும் மூடப்பட்டது. வேறு ஊராயிருந்தால் இத்தோடு கதை முடிந்திருக்கும். இவர்களோ நியூசன் கேரட் எழுப்பிய அந்தப் பழைய கட்டடங்களுள் ஒன்றை இசை அரங்கமாக மாற்றினர். சுமார் 800 பேர் அமரக்கூடிய அந்த அரங்கை 1967 ஜூன் 2ஆம் நாள் இரண்டாம் எலிசபெத் அரசியார் திறந்துவைத்தார். ஒருகாலத்தில் ஒரு மகளின் படிப்புக்குப் பொருள் தந்த தொழிற்கூடம், பின்னர் ஊரின் இசைக்கு இடம் தந்தது.

1969 ஜூன் 7. விழாவின் முதல் நாள் இரவு. அரங்கம் தீப்பற்றி எரிந்து, சுவர்கள் மட்டுமே மிஞ்சின. ‘பீட்டர் கிரைம்ஸ்’ அரங்கேறி அன்றோடு சரியாக 24 ஆண்டுகள்! ஆனால் விழா நிற்கவில்லை. அரங்கில் நடக்கவிருந்த மோட்சார்ட்டின் ‘இடோமெனியோ’ இசை நாடகம் பிளைத்பரோ கோவிலுக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு விழாவுக்குள் அரங்கம் மீண்டும் எழுந்தது; அரசியாரும் மீண்டும் வந்தார்.

காண வேண்டியவை

இன்று ஆல்டபரோ செல்வோர் கூழாங்கல் கரையில் இழுத்துவிட்ட படகுகளையும், அன்று பிடித்த மீனை விற்கும் கறுப்பு மரக்குடில்களையும் காணலாம். பிரிட்டன் 1957 முதல் வாழ்ந்த ‘சிவப்பு இல்லம்’ அருங்காட்சியகமாக உள்ளது. ஊர்க்கோவிலில் ஓவியர் ஜான் பைப்பர் அமைத்த வண்ணக் கண்ணாடிச் சாளரம் பிரிட்டனின் நினைவைக் கூறுகிறது. 1976இல் மறைந்த பிரிட்டனும், பியர்சும், இமோஜென் ஹோல்ஸ்டும் அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் அருகருகே துயில்கின்றனர். எலிசபெத் அம்மையாரின் கல்லறையும் அங்கேயே உள்ளது.

கரையில் மேகி ஹேம்ளிங் என்னும் பெண் சிற்பி 2003இல் அமைத்த பெரிய எஃகுச் சிப்பி ஒன்று நிற்கிறது. கடற்கரையின் அழகு கெட்டதென்று ஊரில் ஒரு பகுதியினர் மனுக் கொடுத்தனர். யாரோ பலமுறை வண்ணத்தைக் கொட்டினர். மற்றொரு பகுதியினர் அதைப் போற்றினர். சிறுவர்கள் அதில் ஏறி விளையாடுகின்றனர். மாலை போடும் சிலையைவிடக் குழந்தைகள் ஏறி அமரும் சிப்பியே அந்த இசைஞருக்கு ஏற்ற நினைவுச் சின்னம் என்பது என் எண்ணம்.

சிந்திக்க வேண்டியவை

குறை இல்லாமல் இல்லை. ஊர் புகழ்பெற்றதால் வெளியூர்ச் செல்வந்தர்கள் விடுமுறைக்கென்று வீடுகளை வாங்கிவிட்டனர். வீட்டு விலை ஏறி, அவ்வூர் இளைஞர்கள் சொந்த ஊரில் குடியிருக்க இயலாத நிலை வந்துவிட்டது. மீனவனைப் பற்றிய இசை நாடகம் உலகெங்கும் ஒலிக்கிறது. ஆனால் மீனவர் குடும்பங்கள் ஊரில் குறைந்துவிட்டன. கிராப் இன்றிருந்தால் இதைத்தான் எழுதியிருப்பார்! கலை ஓர் ஊரை வாழ வைக்க வேண்டுமே தவிர, ஊராரை வெளியேற்றக்கூடாது. ஆகையால் ஒரு விழாவின் வெற்றியை எத்தனை விருந்தினர் வந்தனர் என்பதைக் கொண்டு அளக்கலாகாது. உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் மேடையேறினர் என்பதே சரியான அளவுகோல். தேநீர்க் கோப்பையைத் தட்டிய சிறுவனுக்கு இடம் இருக்கும்வரை அந்த விழா ஊருடையது. அவனுக்கு இடமில்லாத நாளில் அது வெறும் வியாபாரம்.

இதில் நமக்கும் பாடம் உண்டு. பல பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பாட்டு வகுப்பும் கைத்தொழில் வகுப்பும் கணக்குக்கும் அறிவியலுக்கும் பலியாகிவிடுகின்றன. “தேர்வு முடியட்டும், பிறகு பாடலாம்” என்கின்றனர். தேர்வு முடிந்தால் மேற்படிப்பு, அது முடிந்தால் வேலை, பிறகு குடும்பம். “பிறகு” என்னும் அந்த நாள் எப்போது வரும்? பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்ற மக்கள் பாடுவதற்கு நேரம் கண்டார்கள். நமக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைக்காதா? அந்த ஒரு மணியை எந்த வகுப்பு மாணவியிடமிருந்தும் பறிக்கலாகாது என்பதே நான் பெரியோர் முன் பணிவோடு வைக்கும் வேண்டுகோள்.

மேடை வரட்டும் என்று காத்திராமல் கோவிலிலும் கூடத்திலும் பாடியது ஆல்டபரோ. விதி மாறட்டும் என்று காத்திராமல் தேர்வெழுதினார் அவ்வூர்ப் பெண் எலிசபெத். நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. வாத்தியம் இல்லையென்றால் என்ன? கோப்பைகள் இருக்கின்றனவே!

– பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி